தண்டயலுக்கு நீச்சல் தெரியாது

யூன் 27, சனி

விடிந்ததிலிருந்தே சோளகக் காற்று. ஒரே புழுதி. அடுப்பில் வைத்த பாலிலும் மண் என்று என் மனைவி புவனத்துக்குக் கோபம், காற்றை அனுப்பியது நான்தான் என்பது போல. வள்ளத்துக்கு இரண்டாம் பூச்சு பாதியில் நிற்கிறது. தூரிகை மயிர் கொட்டிவிட்டது.

பின்னேரம் இரணைமடுக் குளத்தில் வள்ள ஓட்டம். நானும் ஓவர்சியர் சிவஞானமும் மட்டும். குளக்கட்டுக்கு மேலால் காற்று திடீர் திடீரென்று விழுந்தது. சுக்கானைக் கொஞ்சம் இளக்கிக் கொடுத்தேன், வள்ளம் சொன்னபடி கேட்டது. சிவஞானத்துக்குப் பெரிய புளுகம், முகமெல்லாம் சிரிப்பு.

"ஐசே, நீர் வள்ளத்துக்குள்ளயோ பிறந்தனீர்?"

நீர்ப்பாசனக் கந்தோரில் வாய்க்கால் படம் கீறுகிற எனக்கு இப்படி ஒரு பெயர். அங்கே இப்போது எல்லோரும் 'தண்டயல்' என்றே கூப்பிடுகிறார்கள், வள்ளத்தை நடத்துகிறவன் என்று. வெறுப்பாக இல்லை.

வாங்க வேண்டியவை: கயிறு (தும்புக் கயிறு வேண்டாம்), தூரிகை, செப்பாணி, மண்ணெண்ணெய், புவனத்துக்குத் தையல் ஊசி.

யூன் 28, ஞாயிறு

ஹனீபா நானா காலை பஸ்ஸில் முல்லைத்தீவிலிருந்து வந்தார். தோளில் பாய்த் துணிக் கட்டு. சொந்தப் புடவைக்கடைத் துணி, விலை கேட்டால் கோபிப்பார். எங்கள் மூன்றாம் ஆள் அவர். பாய் அவர் பொறுப்பு, சுக்கான் என் பொறுப்பு, தண்ணீர் இறைப்பதும் சத்தம் போடுவதும் சிவஞானம்.

தேத்தண்ணி குடிக்கும்போது புதினம் சொன்னார். போன கிழமை வாத்திமாரின் வள்ளம் கடலில் கவிழ்ந்து பிரண்டதாம். ஒருவர் நல்லாய்த் தண்ணீர் குடித்துவிட்டார். மீன்பிடிக்கப் போன தோணிக்காரர்கள் தலைமயிரில் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள். அதனால் அடுத்த மாதம் முல்லைத்தீவில் நாங்கள் ஓடும் வள்ளப் போட்டிக்குப் புதுச் சட்டம்.

"ஓட்டம் நடக்கிற அண்டு காலமை எல்லாரும் கடல்ல நீந்திக் காட்டவேணுமாம். நங்கூரம் போட்ட தோணியைத் தொட்டிட்டுத் திரும்பி வரவேணும். நீந்தாதவர் கரையில."

"இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டே?" என்று சிவஞானம் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேரையும் விடப் பலமாக.

எனக்கு நீந்தத் தெரியாது. இந்தக் கொப்பியில் எழுதலாம், வாயால் சொல்ல ஏலவில்லை. கிணற்றில் அள்ளிக் குளித்து வளர்ந்த தோட்டம் செய்கிற வீட்டுப் பிள்ளை நான். கடல் பார்க்க வருடத்துக்கு ஒரு தடவை வண்டில் கட்டிப் போவோம், கால் நனைப்போம், வருவோம். இங்கே நீர்ப்பாசன இலாகாவில் வேலை. சுற்றிவரத் தண்ணீர். ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போன வருடம் குளத்தில் ஒருமுறை பிரண்டோம். இடுப்பளவு தண்ணீர், சேறு. முதலில் எழும்பி நின்று சிரித்தவன் நான்தான். அன்று நான் வள்ளத்தின் விளிம்பை விடாமல் பிடித்திருந்ததை ஒருவரும் காணவில்லை.

நான் விலகினால் வள்ளம் ஓடாது. போட்டிக்கு மூன்று பேர் வேண்டும், சுக்கான் பிடிக்க மற்ற இருவருக்கும் வராது. இரண்டு வருடச் சனி ஞாயிறு எல்லாம் போட்டு ஓட்டிப் பழகிய வள்ளம்.

யூன் 30, செவ்வாய்

காய்ச்சல் என்று சொல்லலாமா? ஓட்டம் யூலை 19. இப்போதே காய்ச்சல் வந்தால் நம்பமாட்டார்கள்.

யூலை 1, புதன்

மானம் போனது.

கந்தோரால் வந்ததும் பின்வளவுத் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் தலையை விட்டு மூச்சுப் பிடித்துப் பார்த்தேன். மூக்கால் தண்ணீர். இருமி இருமித் தலையைத் தூக்கினால் எதிரில் புவனம், கையில் அரிசிச் சுளகு.

"என்ன செய்யிறியள்?"

தலையிலிருந்து தண்ணீர் வடிய வடிய எல்லாவற்றையும் சொன்னேன். சுளகை வைத்துவிட்டு நின்றாள்.

"ரெண்டு வருசமா குளத்துக்குப் போறியள். ஒரு வார்த்தை சொல்லேல்லை."

"நீர் கேக்கேல்லையே."

"வள்ளம் ஓட்டிறவரிட்ட நீந்தத் தெரியுமோ எண்டு ஆர் கேப்பினம்? அந்தக் குளத்தில முதலை வேற!"

பிறகு குசினிக்குள் போய்விட்டாள். சட்டி பானை எல்லாம் பேசின. இராச் சாப்பாட்டுக்கு முகம் பார்க்காமல் புட்டு. சம்பலில் வேண்டுமென்றே உறைப்பு.

யூலை 2, வியாழன்

காற்று குறைவு. கந்தோரில் வாய்க்கால் படம் ஒன்று பிழைத்துத் திரும்பக் கீறினேன்.

சாப்பிடும்போது புவனம் தன்பாட்டில்:

"விடிய வெள்ளண வாய்க்காலுக்கு வாங்கோ. நான் பழக்கிறன்."

"உமக்கு நீந்தத் தெரியுமே?"

"நாயாத்துக் கடற்கரையில பிறந்தனான். களப்பில நீந்தாமல் என்ன செய்யிறது?"

கலியாணம் முடித்து ஆறு வருடம். எனக்குத் தெரியாது! கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று.

"பொம்பிளை பாக்க வந்த நேரம் அம்மா வாய் திறக்க விடேல்லை. பெட்டை பொடியங்களோட முகத்துவாரத்தில நீந்துறவள் எண்டு கேட்டா, மாப்பிளை வீட்டார் படலையோட திரும்பிடுவினம் எண்டவா."

எங்கள் வீட்டார் திரும்பித்தான் இருப்பார்கள். என் அம்மாவை எனக்குத் தெரியும். நல்ல வேளை, சொல்லவில்லை.

யூலை 4, சனி

வட்டக்கச்சிப் பக்கம் போகும் வாய்க்கால். மதகுக்குக் கீழே கொஞ்சம் ஆழமாக, குளம் போல ஓர் இடம். சனம் குளிக்க வருமுன் போய்விட்டோம். புவனம் குறுக்குக்கட்டோடு இறங்கினாள். இரண்டு கை வீச்சில் அக்கரை, திரும்பி இக்கரை. தலைமுடி அவிழவில்லை. நான் கரையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

என் முறை. வயிற்றுக்குக் கீழே அவள் கை. "காலை நீட்டுங்கோ. தலையைத் தூக்காதேங்கோ. உங்களை ஒருத்தரும் சாக்கொல்லேல்லை." கையை எடுத்தவுடன் தாழ்ந்தேன். திரும்பத் தாழ்ந்தேன். நீர்வாசம் இன்னும் மூக்கில்.

அந்த நேரம் பார்த்து வட்டக்கச்சிக் கமக்காரர் ஒருவர், தோளில் மண்வெட்டி, வாய்க்கால் கட்டால் வந்தார்.

"என்ன ஐயா, அம்மா குளிப்பாட்டுறாவோ?"

நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன். புவனம் கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி, கொஞ்சமும் அசையாமல்:

"ஓம் அண்ணை, அவருக்கு இடுப்பில நாரிப்பிடிப்பு. தண்ணி வைத்தியம்."

"நல்லது பிள்ளை. நல்லெண்ணெயும் பூசி விடு."

வீடு வரும் வரை சிரித்தோம். சண்டைக்குப் பிறகு முதல் சிரிப்பு.

யூலை 8, புதன்

கந்தோர் முழுக்க என் நாரிதான் கதை. பியோன் ஒரு போத்தல் எண்ணெய் கொண்டு வந்து மேசையில் வைத்தார். கந்தோர்ப் பெரியவர் என் கதிரைக்குத் தலையணை அனுப்பினார். வட்டக்கச்சிச் செய்தி தபாலை விடக் கெதியாக வருகிறது.

சிவஞானத்துக்குப் பகிடி இல்லை. "ஐசே, நாரிப்பிடிப்போட சுக்கான் பிடிப்பீரே? ஆஸ்பத்திரிக்காரற்ற வள்ளத்தில ஓர் ஆள் மிச்சமாம். கேட்டுப் பாக்கட்டோ?"

என் இடத்தில் வேறொருவர்! அப்போதுதான் விளங்கியது, எனக்கு அந்தச் சுக்கான் எவ்வளவு வேண்டும் என்று. சைக்கிள் கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிப்போய் உண்மையைச் சொன்னேன்.

சிவஞானம் வெற்றிலை ஒன்றை மடித்து வாய்க்குள் போட்டார்.

"ரெண்டு பிள்ளையளின்ர தகப்பன் நான், உம்மை நம்பி வள்ளத்தில ஏறினனான்."

"ஓம்."

"பிரண்டா நீர் என்னைக் காப்பாத்துவீர் எண்டு நினைச்சிருந்தனான், விசர் மனுசன்."

"ஓம்."

வெற்றிலையைத் துப்பினார். "சரி. பத்தொன்பதாம் திகதி காலமை நீந்தினா நீர்தான் தண்டயல். இல்லையெண்டா வள்ளத்தைத் திருப்பி லொறியில ஏத்துறம். வேற ஆள் வேண்டாம்."

வேற ஆள் வேண்டாம் என்றார். கொட்டிலுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். நித்திரை இன்றைக்கு வரும்.

யூலை 12, ஞாயிறு

நீந்தினேன்!

மதகிலிருந்து அக்கரை மருதமரம் வரை. கால் நிலத்தில் படவில்லை. புவனம் கூடவே வந்தாள், ஆனால் தொடவில்லை. வேர் கையில் பட்டதும் பிடித்துக்கொண்டு கத்தினேன். மரத்திலிருந்த கொக்கு பறந்தது.

புவனம் கை தட்டவில்லை. "வாய்க்கால் உங்களைக் காவிக்கொண்டு வந்தது. கடல் காவாது. எதிர்ப்பக்கம் நீந்துங்கோ பாப்பம்." எதிர்ப்பக்கம் பாதிக்கு மேல் வரவில்லை. நாளையும் போக வேண்டும். கை இரண்டும் இறங்கிவிட்டன, இதை எழுதவே நோகிறது.

மறக்கக் கூடாதது: பியோனின் எண்ணெய்ப் போத்தல் திருப்பிக் கொடுக்க.

யூலை 15, புதன்

எதிர்ப்பக்கம் வந்தேன். ஒருமுறை. பிறகு வாந்தி.

யூலை 18, சனி

முல்லைத்தீவு. லொறியில் வள்ளம், வள்ளத்துக்குள் சிவஞானம், வழியெல்லாம் பாட்டு. நானும் புவனமும் பஸ்ஸில். வரவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "நான் பழக்கின பிள்ளை, சோதினைக்கு நான் வராமல்?"

ஹனீபா நானா வீட்டில் தங்கல். அவர் மனைவி இனிப்புக்கு வட்டிலப்பம் வைத்தார். இரண்டாம் துண்டும். நாளைக்குத் தாழ்ந்தால் இதுதான் காரணம்.

பொழுதுபடக் கரைக்குப் போனோம். ஐந்து வள்ளங்கள். வாத்திமார், ஆஸ்பத்திரி, அரசாங்கக் கச்சேரிக்காரர், கூட்டுறவுக் கடைக்காரர், நாங்கள். மீன்பிடித் தொழில் செய்கிறவர்கள் ஓடக் கூடாதென்று சட்டம், அவர்கள் ஓடினால் எங்களுக்கு என்ன வேலை? அவர்கள் மணலில் குந்தியிருந்து எங்கள் முடிச்சுகளைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் எழும்பி வந்து எங்கள் பாய்க்கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டிவிட்டுப் போனார்.

கடல் பெரிது. பயமாக இருக்கிறது.

யூலை 19, ஞாயிறு

பின்னேரம், ஹனீபா நானா வீடு.

காலை நல்ல வெயில். சோளகம் கரையிலிருந்து கடலுக்கு. கிடுகுப் பந்தலுக்குள் கச்சேரி உத்தியோகத்தர்களும் அவர்களது பெண்சாதிமாரும். குடை பிடித்த பெரியவர் ஒருவர் பெயர் கூப்பிட்டார். சிவஞானம் போய் வந்தார், மாடு ஆற்றைக் கடப்பது போல, ஆனால் வந்தார். நானா ஒரு சிரமமும் இல்லாமல். பிறகு நான்.

போகும்போது காற்று முதுகில். நினைத்ததை விடக் கெதியாகத் தோணி வந்துவிட்டது. தொட்டேன். உள்ளே இருந்தவர் வெற்றிலை மென்றபடி, "ஆறுதலாப் போங்கோ ஐயா, அவசரமில்லை" என்றார்.

திரும்பினால் காற்று முகத்தில். ஒவ்வொரு சிற்றலையும் வாய்க்குள். பாதி வழியில் கை கனத்தது. காலால் நிலம் தேடினேன். நிலம் இல்லை. கரை கிட்ட வருவதாகத் தெரியவில்லை. போதும், கத்துவோம், தோணிக்காரர் வந்து தூக்குவார் என்று நினைத்தேன். வள்ளம் போனால் போகட்டும்.

கத்த வாய் திறந்தபோது புவனம் தெரிந்தாள். பந்தலை விட்டு வெளியே வந்திருந்தாள். செருப்பைக் கழற்றி ஒழுங்காகப் பக்கத்தில் வைத்தாள். கைப்பையை நானாவின் மனைவியிடம் கொடுத்தாள். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். தண்ணீரை நோக்கி நடந்தாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கச்சேரி முழுக்கப் பார்த்திருக்க, என் மனைவி கடலில் குதித்து என்னைத் தலைமயிரில் பிடித்து இழுத்து வரப்போகிறாள். வாயை மூடினேன். அடித்தேன். எப்படி அடித்தேன் என்று தெரியாது, கண்ணை மட்டும் அவள் மேலிருந்து எடுக்கவில்லை. அவள் ஓர் அடி வைக்க, நான் இரண்டு வீச்சு. முழங்காலில் மணல் தட்டியது.

அவள் முழங்காலளவு தண்ணீரில் நின்றாள்.

"சேலை நனைஞ்சு போச்சு" என்றாள். அவ்வளவுதான்.

குடைக்காரர் என் பெயருக்கு நேரே கோடு போட்டார். சிவஞானம் எல்லோருக்கும் கேட்க, "எங்கட தண்டயல்!" என்று கத்தினார். நானா என் தலையைத் தன் சால்வையால் துவட்டிவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு மணலில் கிடந்தேன். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோசமாக நான் படுத்ததில்லை.

ஓட்டம் மத்தியானத்துக்கு முன். நாயாற்றுக்கு நேரே மிதக்கவிட்ட பீப்பாவைச் சுற்றித் திரும்ப வேண்டும். போகவும் வரவும் காற்று பக்கவாட்டில், வள்ளத்தை வெளிக்கடலுக்குத் தள்ளப் பார்த்தது. கூட்டுறவுக்காரருக்குப் பாய்மரம் முறிந்தது, ஆளுக்குச் சேதமில்லை. எங்களுக்குள் இரண்டு தடவை தண்ணீர் ஏறியது. சிவஞானம் விசுக்கோத்துத் தகரத்தால் இறைத்தார், சத்தமும் போட்டார். நான் பிழைவிட்டது ஒரே இடத்தில், பீப்பாவில் அகலமாகத் திரும்பிவிட்டேன். வாத்திமார் அங்கேதான் முந்தினார்கள்.

மூன்றாம் இடம். பரிசு இரண்டு பேருக்குத்தான்.

பரவாயில்லை. குளத்தில் ஓட்டிய காலமெல்லாம் வயிறு இறுகித்தான் இருந்திருக்கிறது. அது பயம் என்று எனக்கே தெரியாது, வள்ளம் ஓட்டினால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இன்றைக்கு அது இல்லை. வெறும் காற்றும் சுக்கானும்.

யூலை 20, திங்கள்

பஸ். நல்ல வெயில். காதுக்குள் இன்னும் கடல் தண்ணீர், தலையைச் சரித்தால் சத்தம். மடியில் நானா வீட்டு வட்டிலப்பப் பொட்டலம். லீவு நாளையும் இருக்கிறது.

புதுக்குடியிருப்பு தாண்டும் வரை புவனம் யன்னலால் பார்த்தபடி இருந்தாள். பிறகு, திரும்பாமலே:

"நான் குதிச்சிருப்பன்."

"தெரியும். அதுதான் நீந்தினனான்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதாள். தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, முன் சீற்றுக்காரருக்குக் கேட்காமல். நான் கையைப் பிடித்துக்கொண்டேன், பஸ்ஸுக்குள், பகலில். அவள் விடுவிக்கவில்லை.

விசுவமடுவில் முகத்தைத் துடைத்தாள்.

"சனிக்கிழமை குளத்துக்குப் போவியள் தானே?"

"போகவேண்டாம் எண்டா நிக்கிறன்."

"போங்கோ. நானும் வாறன்."

"நீந்தவே?"

"இல்லை. அந்தச் சுக்கானை என்ன மாதிரிப் பிடிக்கிறது எண்டு காட்டுங்கோ. எனக்கு அது தெரியாது."