வெறும் காற்று

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக வெந்நீர் வைத்து, உங்கள் ரப்பர் பையில் ஊற்றி அடிவயிற்றில் அணைத்துக்கொண்டேன். சூடு ஏற ஏற அந்த வாசனை வந்தது. ருவான்வெல்லை ரப்பர் மரங்களில் சிரட்டை சிரட்டையாகச் சொட்டிய பால் சீமைக்குப் போய்ப் பையாகித் திரும்பி வந்து நம்மிடமே விலை கேட்கிறது என்று சிரிப்பீர்கள். வாசனையோடு அந்தச் சிரிப்பும் வந்தது.

தோட்டத்து மருந்துக்காரர் நீங்கள். நான் உங்களைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலேயே லயத்து வீடுகளில் எல்லோருக்கும் டாக்டரய்யா. சீதபேதி உங்களையே பிடித்து, இரத்தமாகப் போய், மாதக்கணக்கில் விடாமல் வாட்டியபோது தேயிலைக் கொழுந்து பறிக்கும் மாரியாயி மருந்துச்சாலை வாசலில் நின்று கேட்டாள்: "ஊருக்கெல்லாம் பேதிய நிறுத்துற ஐயாவுக்கே நிக்கலையாமே. நீங்க யாருகிட்டங்க மருந்து வாங்குறீங்க?" கூடியிருந்தவர்களைவிட நீங்கள்தான் அதிகம் சிரித்தீர்கள். ஆனால் மறுநாளே டவுன் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம்.

அங்கே நுனியில் சிறு விளக்கு வைத்த குழாயைப் பின்வழியாகக் குடலுக்குள் விட்டுப் பார்த்தார்கள். குடல் விரிந்து கொடுக்க ரப்பர் குமிழ் ஒன்றை அமுக்கிக் காற்று ஊதுவார்களாம். வெளியே கொண்டுவந்தபோது நீங்கள் சுருண்டு கிடந்தீர்கள். தொட்டேன், வயிறு பலகையாக இறுகியிருந்தது. சத்திரசிகிச்சை டாக்டர் வந்து அமுக்கிப் பார்த்தார். குழாய் பட்டுக் குடலில் ஓட்டை விழுந்திருக்கிறது, இப்போதே வயிற்றைத் திறந்து தைக்க வேண்டும், சம்மதம் சொல்லுங்கள் என்றார்.

நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வலி தணிந்தது. முகம் தெளிந்தது. என் கையைப் பிடித்து, "பாத்தியா புள்ள, வெறும் காத்துதான். ஊதுனது எறங்குது" என்றீர்கள். ஓட்டை விழுந்த வயிறு கொஞ்ச நேரம் இப்படிப் பொய்யாகத் தணியும், அதுதான் தனக்குப் பயம் என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். நாளைக்குப் பார்ப்போம் என்றீர்கள். கல்லூரி வரை படித்த நானும் நம்பினேன். வலி போனால் நோய் போனது என்றுதானே பிறந்தது முதல் நம்பியிருக்கிறோம்.

காலையில் காய்ச்சல் கொதித்தது. வெட்டச் சொன்னீர்கள். டாக்டர் ஓட்டையைத் தைத்து, வயிற்றைக் கழுவி, சீழ் வடிய ஒரு குழாயும் வைத்தார். அதுவும் ரப்பர்தான். தையல் நன்றாகப் பிடித்தது என்றார். உடம்பெல்லாம் பரவிவிட்ட விஷத்துக்குத்தான் அவரிடம் மருந்து இல்லை.

தெளிவாக நீங்கள் கடைசியாகச் சொன்னது இதுதான்: "வலி இருக்கும்போதே வெட்டச் சொல்லியிருக்கணும் புள்ள. நின்னதும் ஏமாந்துட்டேன்."

எத்தனை பேர் வயிற்றைத் தொட்டுப் பார்த்த கை அது. உங்கள் வயிற்றை மட்டும் ஏன் அப்படி நம்பினீர்கள்? இந்தக் கேள்வியோடு உங்களிடம் சண்டை பிடித்தபடியேதான் இத்தனை வருடமும் சோறு வடிக்கிறேன், பள்ளிக்கூடம் போகிறேன்.

எனக்கும் இப்போது இரத்தம் போகிறது. உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் மருந்துக்காரர் அதே குழாயைத்தான் சொல்கிறார். உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லி, வேண்டவே வேண்டாம் என்கிறார் என் அண்ணன். நானும் நாள் கடத்தினேன். இன்று காலை பையின் சூட்டில் வலி மெல்ல அடங்கியது. அடங்கிய பிறகுதான் பயந்தேன்.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை போகிறேன். குழாய்க்குப் படுக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுவேன்: ஓட்டை விழுந்தால் உடனே திறந்துவிடுங்கள். வலி நின்றுவிட்டது என்று நான் சொன்னால், கேட்காதீர்கள்.