கடலோர வரம்பில் நான் போட்ட கோடு

அக்கா,

இரண்டு நாளாகச் சோப்புப் போட்டுக் கழுவியும் என் கையிலிருந்து டயர்ப் பாலின் வாசம் போகவில்லை. சனிக்கிழமை சைக்கிளின் பின் சக்கரத்தைக் கழற்றினேன். பஞ்சர் ஆகாமலிருக்க நாம் டயருக்குள் ஊற்றி வைப்போமே அந்த வெள்ளைப் பால், அது மொத்தமும் காய்ந்து தோல் தோலாக ஒட்டிக்கொண்டிருந்தது. ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகை வாசம் என்று மூக்கைச் சுருக்குவீர்கள். நாலு மாதத்துக்கு ஒருதரம் திறந்து பார் புள்ள என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. நான் சைக்கிளைத் தொடவே இல்லை. சனிக்கிழமை ஏன் தொட்டேன், ஞாயிற்றுக்கிழமை எங்கே போய்விட்டு வந்தேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீங்கள் வண்டிப்பெரியார் எஸ்டேட்டில் பிறந்து, எங்கள் பாலக்காட்டுச் சித்தூரில் நர்ஸ் வேலைக்கு வந்தவர். நான் கொழிஞ்சாம்பாறைப் பால் சொசைட்டியில் சீட்டு எழுதுகிறவள். நாற்பது தாண்டிய இரண்டு பெண்கள், தடி டயர் போட்ட வளைந்த ஹேண்டில் சைக்கிளில், தலையில் ஹெல்மெட்டோடு வாய்க்கால் மேட்டில் போனால் ஊர் சும்மா இருக்குமா? சிரித்தார்கள். நீங்கள் அவர்களுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போவீர்கள். நான் குறுக்கே வந்த எருமையிடம் "சித்த தள்ளிக்கோங்க" என்று சொன்னதை ஒரு வருசம் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். மாட்டுக்கும் மரியாதை கொடுக்கிற ஊரு உங்க ஊருதான் என்பீர்கள்.

தார் ரோட்டில் ஏறாமல் கடல் வரைக்கும் போக வேண்டும். அதுதான் உங்கள் ஆசை. ஒன்றரை வருசம், உங்களுக்கு லீவு கிடைத்த நாளெல்லாம், துண்டு துண்டாகத் தேடினோம். வாய்க்கால் மேடு, ஆற்றங்கரைச் சரளை, ரயில் பாதையை ஒட்டின மண் தடம், பாக்குத் தோட்டத்து நடுவே ட்ராக்டர் போகிற வழி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. மேற்கே போகப் போக மண்ணின் நிறம் மாறும், காற்றில் உப்பு ஏறும், பேச்சில் நம் தமிழ் குறைந்துகொண்டே வரும். கடைசியில் ஒரே ஒரு துண்டு இடித்தது. கடலுக்கு முன்னால் தாழ்ந்து கிடக்கிற அந்தப் பெரிய நெல்வயல். அதன் நடுவே நாலு கிலோமீட்டர் செம்மண் வரப்பு, அங்கே வரம்பு என்கிறார்கள். அதை விட்டால் லாரி ஓடும் ஹைவேதான்.

வரம்பின் வாயில் ஒரு மூங்கில் கழி குறுக்கே கிடந்தது. ஆளில்லை. தூக்கிவிட்டுப் போய்விடலாம் என்றேன். நீங்கள் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டீர்கள். எஸ்டேட்டில் உங்கள் அப்பாவுக்கு வாட்சர் வேலை, ரோட்டுக்குக் குறுக்கே இருக்கும் சங்கிலியைத் தூக்கி இறக்குகிற வேலை. "சங்கிலி பூட்டாமத்தான் கெடக்கும் புள்ள. ஆனா அதைத் தூக்கி விடுறதுக்குன்னு ஒரு ஆளு இருக்காருல்ல, அவுககிட்ட ஒரு வார்த்தை கேக்காமப் போனா அவுகளை ஆளா மதிக்கலன்னு அர்த்தம்" என்றீர்கள். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

வயல் தண்ணீரை இறைக்கிற மோட்டார்க் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறவர் வந்தார். கடைசிவரை அவரை மோட்டார்ச் சேட்டன் என்றுதான் நாம் சொல்லிக்கொண்டோம். வெள்ளம் வற்றினதும் வருசா வருசம் புது மண் போட்டு அந்த வரம்பைக் கட்டுகிறார்கள், ஒரு பக்கம் கால்வாய், ஒரு பக்கம் தாழ்ந்த வயல், வரம்பு உடைந்தால் நட்டதெல்லாம் போச்சு என்று அவர்தான் விளக்கினார். நீங்கள் இருவர் மட்டும் என்றால் போங்கள், வாத்து மேய்கிற இடத்தில் இறங்கித் தள்ளுங்கள், வேறு யாருக்கும் வழி சொல்லக் கூடாது என்றார். நீங்கள் உங்கள் அரைகுறை மலையாளத்தில் வாக்குக் கொடுத்தீர்கள். அன்றைக்குத்தான் நாம் கடலைத் தொட்டோம். செருப்போடு தண்ணீரில் இறங்கி நின்று நீங்கள் அழுதீர்கள். எனக்கும் அழுகை வந்தது, வெயில் கண்ணில் படுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்த வழியை என் போன் மேப்பில் ஒரு கோடாகப் பதிந்து வைத்திருந்தது. சைக்கிள் ஓட்டுகிறவர்கள் வழி போட்டுப் பகிர்ந்துகொள்கிற ஆப்பில் அதை ஏற்றினேன். தெரியாமல் நடந்தது என்று சொல்ல மாட்டேன் அக்கா. 'எல்லோரும் பார்க்கலாம்' என்பதை என் விரல்தான் தொட்டது. 'பாலக்காட்டிலிருந்து கடல் வரை, தார் இல்லாமல்' என்று தலைப்புக் கொடுத்தேன், வரம்பின் படம் நாலு போட்டேன். சொசைட்டியில் உட்கார்ந்து அடுத்தவர் பாலை அளந்து எழுதுகிற எனக்கு, நூறு பேர் வந்து "சூப்பர்" என்று சொன்னது தலைக்கு ஏறிவிட்டது. பவிசு, வேறென்ன. உங்களிடம் மூச்சு விடவில்லை.

கிறிஸ்துமஸ் லீவில் கூட்டம் கூட்டமாகப் போயிருக்கிறார்கள். சைக்கிள்காரர்கள் பின்னாலேயே மோட்டார் பைக்குகளும். கழியைத் தூக்கி வயலில் எறிந்துவிட்டுப் போனார்களாம். இறுகாத புது மண். வரம்பு ஓரிடத்தில் சரிந்து கால்வாய்த் தண்ணீர் உள்ளே பாய்ந்து, நட்டுப் பத்து நாளான நாற்று முழுகிவிட்டது. உங்களுக்கு யாரோ சொல்லிப் போன் செய்தீர்கள். திட்டவில்லை. "நீயா புள்ள போட்ட?" என்று ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

எனக்குத் தெரியாதுங்கக்கா, வேற யாராச்சும் போட்டிருப்பாங்க என்றேன்.

"சரி" என்று வைத்துவிட்டீர்கள். அன்றைக்குப் பொழுதோடு அதை அழித்தேன். அழித்து என்ன, எத்தனை பேர் எடுத்து வைத்திருந்தார்களோ. என் பெயர் போட்டு இருந்ததை நீங்கள் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகும் சைக்கிள் ஓட்டினோம், ஆனால் மேற்கே திரும்பவில்லை. நீங்களும் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த மழைக்குள் உங்கள் வயிற்றில் கட்டி என்றார்கள். பார்க்க வந்த அன்றைக்கு எப்படியும் சொல்லிவிட வேண்டும் என்று பஸ் முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். நீங்கள் கட்டிலில் கிடந்துகொண்டு டயருக்குப் பால் ஊற்றினாயா என்று கேட்டீர்கள். ஊற்றினேன் என்று அதற்கும் ஒரு பொய். மனப்பாடம் செய்ததில் ஒரு வரியும் சொல்லாமல் திரும்பப் பஸ் ஏறினேன். அடுத்து நான் வண்டிப்பெரியாருக்கு வந்தது உங்கள் அடக்கத்துக்கு. எஸ்டேட்டுக் கல்லறையில் எல்லோரும் பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன். அந்த வெசனத்தோடு எத்தனை நாள்தான் இருப்பது? உங்களிடம் சொல்ல முடியாமல் போனதை அந்தச் சேட்டனிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றித்தான் சனிக்கிழமை சைக்கிளை எடுத்தேன்.

வரம்பின் வாயில் இப்போது இரும்பு கேட். பூட்டு. சேட்டன் என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். நான் வாயைத் திறக்கும் முன்பே மடியிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்துவிட்டு, போங்க என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே சொன்னார்.

வரம்பு உடைந்த அந்த வாரமே நீங்கள் போய் அவர் முன்னால் நின்றீர்களாம். "வழியைப் போட்டது நான்தான்" என்று பழியை உங்கள் மேல் போட்டுக்கொண்டீர்களாம். வயல்காரர்கள் அத்தனை பேர் நடுவில் அவர் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டீர்கள். அடுத்து மூன்று ஞாயிறு, சர்ச் பூசையை விடாத நீங்கள், விடியக்காலை பஸ் பிடித்துப் போய் அந்த ஆட்களோடு சேர்ந்து உடைப்புக்கு மண் சுமந்திருக்கிறீர்கள். அந்த மாதம் உங்கள் உள்ளங்கையில் கொப்புளம் பார்த்தேனே, பிரேக் பிடித்துப் பிடித்து வந்தது என்றீர்களே. கடைசி ஞாயிறு அவரிடம் கேட்டீர்களாம், இனி நான் இந்தப் பக்கம் வர மாட்டேன், ஆனால் அந்தப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை, அவள் வந்தால் மட்டும் விடுங்கள் என்று.

கேட் திறந்து கிடந்தது. பேசாமல் ஏறி மிதித்திருக்கலாம். அக்கா, ஒரு நிமிசம் அப்படியும் நினைத்தேன்.

"சேட்டா, போட்டது அவங்க இல்லீங்க. நான்தான்" என்றேன்.

அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "மூணு ஞாயிறு என் கண்ணு முன்னால மண்ணு சுமந்தாங்க. நான் ஒரு வார்த்தை பேசல. கஞ்சி ஊத்துறப்பவும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்" என்று மலையாளத்தில் மெல்லச் சொன்னார். பிறகு கேட்டார், "அவங்களை ஒருதரம் கூட்டிட்டு வர்றீங்களா? நான் நேர்ல சொல்லணும்."

அவருக்குத் தெரியாது அக்கா. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

சொன்னேன். அவர் அந்தச் செம்மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். கேட்டை அவர் மூடவும் இல்லை, என்னைப் போகச் சொல்லவும் இல்லை. நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஹைவே வழியாக, லாரிகளுக்கு ஓரமாகவே ரயில் நிலையம் வந்து சேர்ந்தேன்.

மனசில் கிடந்ததை இறக்கி வைக்கத்தான் போனேன். போய், ஒரு பாவமும் அறியாத மனுசர் தலையில் அதில் பாதியை ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன். என் பாதி கொஞ்சமும் குறையவில்லை.