விலாசம் கேட்பவர்களுக்கு மட்டும்

மார்ச் 4

அக்காவுக்கு,

நலம் விசாரிப்பது கடைசியில். முதலில் வேலை.

உன் துணிப்பைக் கடைக்கு வெப்சைட் செய்து தருகிறேன் என்று சொல்லி ஒரு மாதமாகிறது. நான் கேட்டதில் ஒன்றுக்காவது பதில் உண்டா? கடைக்கு என்ன பெயர் என்றால், "அதெல்லாம் எதற்கு" என்கிறாய். உன் போட்டோ கேட்டால் பையின் போட்டோகூட வரவில்லை. பெயரும் முகமும் விலாசமும் இல்லாத கடையில் யார் வாங்குவார்கள்? திருட்டுச் சரக்கோ என்று எனக்கே சந்தேகம் வரும்.

போன் கிடையாது, தபால்தான் என்கிறாய். சரி. போனை வைத்துத்தான் உன் புருஷன் உன்னை ஒரு தடவை கண்டுபிடித்தான். மறக்கவில்லை. ஆனால் அது பழைய கதை. தெருவில் போகிறவர்களை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தால் எத்தனை காலம் ஓடும்? பாப்பா வளர்கிறாள். யோசி.

இப்போது கேட்கிறேன்: நலமா? மணிக்கட்டு வலி எப்படி?

தம்பி

மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் கடிதத்தைப் பிரித்தால் மேலதிகாரி கொடுத்த மெமோ மாதிரி இருக்கிறது. ஒரு வரியாவது சிரித்து எழுதக் கூடாதா?

பழைய கதை என்கிறாய். எனக்கு அது தினமும் காலையில் நடக்கிறது. உள்ளே இருந்து ஷட்டரை முழங்கால் அளவுக்குத்தான் முதலில் தூக்குவேன். குனிந்து, வெளியே யாருடைய செருப்பாவது நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே தள்ளுவேன். எதிரே இருக்கும் மருந்துக்கடைக்காரம்மா, "தினமும் தெருவுக்கே கும்பிடு போட்டுட்டுத்தான் கடையைத் திறக்குறே. நல்ல பக்தி!" என்று கிண்டல் செய்கிறார். நானும் சிரித்துவைக்கிறேன்.

என் வீட்டுக்காரர் என்னைக் கண்டுபிடித்த அன்று அடிக்கவில்லை. "எவ்ளோ தூரம்தான் போவே?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் கனவில் வருகிறது.

உலகத்துக்கே தெரிகிற இடத்தில் என் கடையை வைக்கப் பார்க்கிறாய். அந்த உலகத்தில்தானே அவரும் இருக்கிறார்?

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

மார்ச் 17

அக்காவுக்கு,

இன்னும் என்ன "அவர்"? எழுதும்போதாவது மரியாதையைக் குறைத்துக்கொள்.

உன் பயத்தை ஒத்துக்கொள்கிறேன். அதனால் இப்படிச் செய்வோம். உன் பெயர் வேண்டாம், முகம் வேண்டாம். தளத்தைப் பதிவு செய்தவர் யார் என்பது வெளியே தெரியாதபடி மறைத்துவிடுவேன். போட்டோவுக்குள் அது எடுத்த இடம் ஒளிந்திருக்கும், அதையும் துடைத்துவிடுவேன். விலாசம் தளத்தில் எங்கும் இருக்காது. ஆர்டர் கொடுத்துவிட்டு விலாசம் கேட்பவர்களுக்கு மட்டும் பதிலில் போகும். இதில் எங்கே ஓட்டை இருக்கிறது, காட்டு பார்ப்போம்.

நீ செய்யவேண்டியது ஒன்றுதான். உன் பைகளுக்கும் சந்தையில் தொங்கும் பைகளுக்கும் என்ன வித்தியாசமோ, அதை நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பு.

தம்பி

மார்ச் 26

அன்புத் தம்பிக்கு,

மருந்துக்கடைக்காரம்மா தன் போனில் படம் எடுத்து ஒரு சின்ன மெமரி கார்டில் போட்டுக்கொடுத்தார். பஞ்சில் சுற்றி உள்ளே வைத்திருக்கிறேன், உதறிவிடாதே.

வித்தியாசம் கேட்டாயே, அது மூலைதான். மணிக்கட்டு உடைந்து கோணலாகக் கூடிய பிறகு, பையின் அடி மூலையை எல்லாரையும்போலத் திருப்பித் தைக்க எனக்கு வரவில்லை. அவருடைய தையல் பட்டறையில் உட்கார்ந்தே, மூலையை உள்ளே மடித்து, மேலே ஒரு முக்கோணத் துண்டு வைத்துத் தைக்கப் பழகினேன். கல்லை நிரப்பினாலும் பிய்யாது. அதை மட்டும் தனியாக எடுக்கச் சொன்னேன். படத்தில் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. சிரிக்காதே.

ஒரு நிபந்தனை. யார் விலாசம் கேட்டாலும் முதலில் எனக்கு எழுது. யார், எந்த ஊர், என்ன பை, எல்லாம். நான் சரி என்ற பிறகுதான் அனுப்ப வேண்டும். இதில் அவசரப்படாதே. உன்னைப் பெற்றவள் இல்லை என்றாலும் தூக்கி வளர்த்தவள் கேட்கிறேன்.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 18

அக்காவுக்கு,

தளம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. மூலைப் படத்தை முகப்பில் பெரிதாகப் போட்டேன். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். நீ சொன்னால் நம்பமாட்டாய், ஒரு நடன வகுப்பு டீச்சர் பிள்ளைகளுக்கெல்லாம் சேர்த்துக் கேட்டார்.

கேட்டு என்ன பயன்? வெப்சைட்டில் வந்த விசாரணையைத் தபாலில் அனுப்பி, தபாலில் அனுமதி வாங்கும் ஒரே என்ஜினீயர் நானாகத்தான் இருப்பேன். உன் "சரி" வருவதற்குள் அந்த டீச்சர் வேறு எங்கோ வாங்கிவிட்டார். இப்படி நாலைந்து பேர் போய்விட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதனால் நேற்று மாற்றிவிட்டேன். இனி ஒருவர் ஆர்டரைப் பதிந்தவுடன் விலாசமும் கடை நேரமும் தானாகவே அவருக்குப் போய்விடும். கோபப்படாதே. உன் புருஷனின் பெயர், நம்பர், மெயில் எல்லாவற்றையும் தடுத்துவைத்திருக்கிறேன். அவன் எழுதினால் போகாது. போதுமா?

துணி நிறைய வாங்கி வை.

தம்பி

ஏப்ரல் 24

தம்பி,

நிறுத்து. இதைப் படித்த கையோடு நிறுத்து.

வேறு பெயரில் எழுத அவருக்கு எவ்வளவு நேரமாகும்? அதுகூட எனக்கு அப்புறம்தான் தோன்றியது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு மெஷினில் உட்கார்ந்து மூலையை மடித்தபோதுதான் உறைத்தது. அவர் பட்டறையில் என்னைத் தவிர யாரும் இப்படித் தைத்ததில்லை. முடிந்த ஒவ்வொரு பையையும் அவரே புரட்டி, அந்த மூலையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். முகப்பில் என் முகத்தையே போட்டிருந்தாலும் இவ்வளவு நன்றாக அடையாளம் தெரிந்திருக்காது. நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன், பெருமையாக.

மருந்துக்கடைக்காரம்மாவின் போனிலிருந்து காலையிலிருந்து உன்னைக் கூப்பிடுகிறேன். தெரியாத நம்பர் என்றால் நீ எடுக்கமாட்டாய். இன்று ஷட்டரைத் தூக்கவே இல்லை. பாப்பாவைப் பள்ளிக்கும் அனுப்பவில்லை.

அக்கா

ஏப்ரல் 29, பஸ் நிலையம்

அக்கா,

காலையில் உன் கடிதம் வந்ததும் தளத்தை எடுத்துவிட்டேன். ஆனால் அதற்கு முன்பே ஒன்று வந்திருக்கிறது. அனுப்பியது ஒரு பெண் பெயர். அப்படியே எழுதுகிறேன்: "முகப்பில் உள்ள பையில் ஒன்று வேண்டும். மூலை பிரமாதம். மணிக்கட்டு இப்போது பரவாயில்லையா?"

நான் கண்ணால் பார்ப்பதற்குள் விலாசம் போய்விட்டது. நான் எழுதிய நிரல்தான் அனுப்பியது. கீழே, "உங்கள் வருகைக்குக் காத்திருக்கிறோம்" என்று வேறு போட்டிருந்தேன்.

போனில் எடுக்காமல் விட்ட நம்பரைத் தேடிக் கூப்பிட்டேன். "நான் அவங்க தம்பி பேசுறேன். அவங்களை உடனே வெளியே கூட்டிட்டுப் போங்க" என்று கத்தினேன்.

"காலையிலதான் ஒருத்தர் தம்பின்னு சொல்லிட்டு வந்து நின்னாரு. இப்ப நீங்க. ஒரு பொண்ணுக்கு எத்தனை தம்பி?" என்று சொல்லி மருந்துக்கடைக்காரம்மா போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

உங்கள் ஊர் போலீசுக்குச் சொன்னேன். விலாசத்தைக் குறித்துக்கொண்டார்கள். பஸ் வர இன்னும் நேரமிருக்கிறது. சும்மா உட்கார முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். நீ இருந்தால் கையில் தருகிறேன். இல்லையென்றால் ஷட்டருக்கு அடியில் தள்ளிவிடுவேன்.

இரு அக்கா. தயவுசெய்து இரு.

தம்பி

மே 19

அன்புத் தம்பிக்கு,

நானும் பாப்பாவும் நலம். நீ ஷட்டருக்கு அடியில் தள்ளிய கடிதம் என் கைக்கு வந்துவிட்டது. எப்படி என்று கேட்காதே.

அன்று காலை அவர், மூடிக்கிடந்த கடையைத் தட்டிவிட்டு நேராக மருந்துக்கடைக்குத்தான் போயிருக்கிறார். அந்த அம்மா, "அவங்க காலி பண்ணிட்டுப் போய் ஒரு மாசமாச்சே" என்று பஸ் நிலையம் பக்கம் கைகாட்டிவிட்டு, பின்வாசல் வழியாக வந்து எங்களைக் கிளப்பினார். மெஷினை விட்டுவிட்டு, பாப்பாவின் பள்ளிப்பையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

"எப்படிச் சந்தேகம் வந்தது?" என்று கேட்டேன். "உன் தம்பி வாயைத் திறந்தா திட்டுவான்னு நீதானே சொல்லுவே? இந்த ஆள் ரொம்ப இனிமையாப் பேசினாரு" என்றார். அப்புறம் போனில் நீ கத்தியபோதே அது நீதான் என்று அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டதாம். ஆனாலும் சொல்லக்கூடாது என்று வைத்துவிட்டார். அவர்மேல் கோபப்படாதே.

நான் இப்போது பை தைப்பதில்லை. வேறு வேலை கிடைத்திருக்கிறது. என்ன வேலை, எங்கே என்று எழுதப்போவதில்லை. இந்த உறையில் உள்ள தபால் முத்திரையைப் பார்த்துக் கணக்குப் போடாதே, வழியில் ஓர் ஊரில் இறங்கிப் போட்டது. கம்ப்யூட்டரிலும் தேடாதே. நீ கெட்டிக்காரன், தேடினால் கண்டுபிடித்துவிடுவாய். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இனி எழுதமாட்டேன். உன்மேல் கோபமில்லை, சத்தியமாக இல்லை. ஆனால் நான் இருக்கும் இடம் தெரிந்தால், நீ எனக்கு நல்லது செய்ய ஆரம்பித்துவிடுவாய்.

அக்கா