டிரம்ஸ்காரரின் கால்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கொடியில் மறந்துபோன இரண்டு சட்டைகளும் சிமென்ட் தூசி கரைந்து சாம்பல் நிறம். பெரம்பலூர் வரை பஸ்ஸில் நின்றபடி. கல்லூரியில் பாதி வகுப்புதான். மீதிப் பேருக்கு மழை.

பழைய இசைப்பதிவுகளைத் துலக்கி மறுபடி வெளியிடும் அமெரிக்க ரீமாஸ்டர்காரரிடமிருந்து (இனி ரீ.கா.) மின்னஞ்சல். 'குடை' வேலை முடிந்ததாம். உறையில் நனைந்த குடை இருப்பதால் எங்கள் வீட்டில் அந்த ஜாஸ் ஆல்பத்துக்கு அதுதான் பெயர். எனக்கே குழம்புவதால் பதிப்புகளை எழுதி வைக்கிறேன்:

முதலாவது: ஒற்றை ஒலி. நன்றாக இருந்தது. ஆகவே திருத்த வேண்டியதாயிற்று.
2: ஸ்டீரியோ. பியானோ இடது காதில், டிரம்ஸ் வலது காதில். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.
3: கேசட். அதைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை.
4: முதல் சி.டி. இரைச்சலை நீக்கினார்கள். டிரம்ஸின் சிம்பல் தட்டும் இரைச்சலில் சேர்த்தி.
5: எல்லாமே உரக்க. மெதுவாக வாசிக்கும் இடமும் உரக்க.
6: 'இறுதிப் பதிப்பு'.

இப்போது ஏழாவது. அசல் டேப் கிடங்கில் தண்ணீர் புகுந்து பாழ், உறையில் குடை இருந்தும். அதன் நேர் நகலிலிருந்து இந்தியாவில் வார்த்த பழைய இசைத்தட்டுதான் மிச்சம். அவர்கள் தேடியதில் கீறல் இல்லாத பிரதி அரியலூரில், என் பீரோவில். சிமென்ட் ஆலை கிளப்பை மூடியபோது பழைய சாமானோடு வாங்கியது. தட்டை அனுப்ப மனம் வரவில்லை. அவர்கள் நகலெடுக்கும் கருவியும் ஊசியும் அனுப்பினார்கள். போன மாதம் ஒரு நாள் லீவு போட்டு வீட்டிலேயே நகலெடுத்தேன். ஜன்னல் அடைப்பு, ஃபேன் நிறுத்தம், ஃபிரிட்ஜ் நிறுத்தம். பால் திரிந்தது. மனைவி செல்வியும்.

ரீ.கா. எழுதுகிறார்: பாஸ் என்னும் கனத்த தந்தி வாத்தியம் தனியாகத் தொடங்கும் முன் டிரம்ஸ்காரர் காலால் தரையைத் தட்டுவது எந்தப் பதிப்பிலும் கேட்டதில்லையாம், என் தட்டில் கேட்கிறதாம். அதைக் கொஞ்சம் தூக்கிக் காட்டியிருக்கிறாராம்.

பெருமையாக இருந்திருக்க வேண்டும். இத்தனை வருஷமாகக் கேட்கிறேன், எந்தக் காலும் என் காதில் விழுந்ததில்லை.

நவம்பர் 5, புதன்

மாலை பெரம்பலூரிலேயே காது டாக்டர். டோக்கன், பெஞ்சு, எதிரில் காதில் பஞ்சு வைத்த குடும்பம். டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார்.

"காது நல்லாத்தான் இருக்கு. என்ன கேக்க மாட்டேங்குது?"

"ஒரு ஆள் காலால தரையத் தட்டுறதுங்க."

"எந்த ஆளு?"

"அமெரிக்கால. செத்துப் போயிட்டார்."

சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். தூக்கத்துக்கும் ஒன்று.

நவம்பர் 6, வியாழன்

மழை இல்லை. கேஸ் வந்தது.

டிரம்ஸ்காரரின் மகளிடமிருந்து மின்னஞ்சலில் கடிதம். ரீ.கா. முகவரி கொடுத்திருக்கிறார். மகளே எழுபதைத் தாண்டியவர். வாசித்தது மனதுக்கு நிறைந்துவிட்டால் அப்பா ஒரே ஒரு முறை காலால் தரையைத் தட்டுவாராம். வீட்டில் கேட்டிருக்கிறாராம், எந்தத் தட்டிலும் கேட்டதில்லையாம். "நேற்று கேட்டேன். சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது?"

தெரியவில்லை. பதில் எழுதவில்லை. கத்தரிக்காய் வாங்க மறந்தேன்.

நவம்பர் 8, சனி

இருவருக்கும் விடுமுறை. காலைப் பலகாரம் முடிந்ததும் ரீ.கா. அனுப்பிய சோதனைப் பதிப்பைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டேன். செல்வி அடுப்படியில். பாஸ் தொடங்கும் முன், தரைக்கு அடியிலிருந்து வருவதுபோல ஒரு தும்.

திரும்பினேன். செல்வி ஒரு கையில் கரண்டியோடு, மறு கையால் டம்ளர் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"என்னங்க, இன்னைக்கு நேரத்தோடயே வெடிக்கிறான்?"

"யாரும் வெடிக்கல. இது அமெரிக்கால வாசிச்சது."

"அமெரிக்காலயும் சுண்ணாம்பு வெட்டுறாங்களா?"

உட்கார்ந்துவிட்டேன். ஞாயிறு தவிர தினமும் மதியம் சாப்பாட்டு நேரத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சைரன், பிறகு வெடி. டம்ளர்கள் ஆடி விழாமல் இருக்கத் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரு கை டம்ளர் அலமாரிக்குப் போகும். கைக்குத் தெரியும். காது எப்போதோ விட்டுவிட்டது. நகலெடுத்த அன்று ஃபிரிட்ஜை நிறுத்தினேன், சுரங்கத்தை மறந்தேன். வெடி தரை வழியாக ஊசியில் ஏறியிருக்கிறது.

நூறு தடவை போட்டுப் பார்த்தேன். தும். நம்ம ஊர் தும்.

மதியம் நிஜ வெடி. சுதி சரியாக இருந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

வெடி கிடையாது. விடியலிலேயே மறுபடி நகலெடுக்க உட்கார்ந்தேன். முதல் முயற்சியில் கல்யாண மண்டப மேளம் புகுந்தது. இரண்டாவதில் மீன்காரர். மூன்றாவது சுத்தம். கால் இல்லை. பாஸ் தானாகத் தொடங்குகிறது, யாரும் சொல்லாமல்.

அனுப்பவில்லை.

செல்வி: "சொல்லிடுங்க."

"அந்தம்மா அழுதிருக்காங்க செல்வி. அப்பான்னு நெனச்சு."

"நம்ம வெடிக்கு அழுதிருக்காங்க. இன்னும் எத்தன நாளைக்கு அழ விடுவீங்க?"

"சந்தோஷமாத்தானே அழுவறாங்க?"

"அப்ப தினம் மதியானம் ஒரு தடவ இங்க வந்துட்டுப் போவச் சொல்லுங்க."

துணி காயப்போடப் போய்விட்டாள்.

நவம்பர் 10, திங்கள்

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நிம்மதி இல்லை. வாங்கியவை: இருமல் மாத்திரை, வாழைப்பழம், ரீசார்ஜ்.

ரீ.கா. இன்னொரு குண்டு போட்டார். விமர்சகர் ஒருவர் சோதனைப் பதிப்பைக் கேட்டு எழுதிவிட்டாராம்: "முதன்முறையாக அந்த அறையின் மரத்தரையே நம்மோடு பேசுகிறது." மரத்தரை. எங்கள் வீட்டில் மொசைக். ஆல்பத்தோடு வரும் சிறு புத்தகத்துக்கு அந்தக் காலைப் பற்றி நான் ஒரு பத்தி எழுத வேண்டுமாம். புதன்கிழமை அச்சுக்குப் போகிறதாம்.

பத்தி எழுதிப் பார்த்தேன். பிரமாதமாக வந்தது. அதுதான் பயமாக இருக்கிறது. என்னைவிட மோசமாக எழுதுகிறவனிடம் இந்தப் பொய் அகப்பட்டிருந்தால் ஒரு வருஷத்தில் செத்திருக்கும்.

கிழித்துப் போட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

கல்லூரி போகவில்லை. இருவருக்கும் எழுதிவிட்டேன். ரீ.கா.வுக்குச் சுலபம்: இதோ ஞாயிற்றுக்கிழமை நகல், முதலாவதைத் தூக்கிப் போடுங்கள். அந்த அம்மாவுக்குத்தான் வார்த்தை வரவில்லை. 'உங்கள் அப்பா அல்ல, சுண்ணாம்புக்கல்' என்று எந்த மொழியில் எழுதினாலும் அசிங்கமாக இருக்கிறது. கடைசியில் அப்படியேதான் எழுதினேன். எங்கள் ஊர், சுரங்கம், சைரன், டம்ளர் அலமாரி, எல்லாம். மன்னிப்பு ஒரு வரி.

அனுப்பியதும் போனை அரிசி டின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன்.

நவம்பர் 12, புதன்

கனமழை. பள்ளிகளுக்கு விடுமுறை, கல்லூரிகளுக்கு இல்லை.

ரீ.கா. பதில்: "இரண்டாவது நகல் கிடைத்தது. அச்சை நிறுத்தி அதையே பயன்படுத்துகிறோம். தொழில்முறையில் இதுவே சரி. தனிப்பட்ட முறையில், முதலாவதில் உயிர் இருந்தது." சிறு புத்தகத்தில் என் பத்தி வேண்டாம்.

அந்த அம்மாவிடமிருந்து ஒன்றுமில்லை.

நவம்பர் 14, வெள்ளி

ஒன்றுமில்லை. பஸ்ஸில் போனை எடுத்து எடுத்துப் பார்த்ததில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார், "ரிசல்ட்டுங்களா?"

"ஆமாங்க."

"புள்ளைக்கா?"

"எனக்குத்தான்."

நகர்ந்து உட்கார்ந்தார்.

டாக்டர் கொடுத்த தூக்க மாத்திரை வேலை செய்யவில்லை. சொட்டு மருந்து இன்னும் பிரிக்கவில்லை.

நவம்பர் 15, சனி

வெயில். காலையில் போனைப் பார்த்தால் கடிதம் வந்திருக்கிறது. செல்விக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்:

"இரண்டு நாள் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். பிறகு உங்கள் மனைவியின் கையை நினைத்துக்கொண்டேன். அப்பா தட்டும்போது எங்கள் வீட்டில் அம்மா பீங்கான் அலமாரியைப் பிடித்துக்கொள்வாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. புதிய நகலில் அந்தச் சத்தம் இல்லை, சரிதான். ஆனால் எனக்கு அதை ஒரு முறை நேராகக் கேட்க வேண்டும். உங்கள் மதியத்துக்கு நான் விழித்திருப்பேன்."

செல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாம்பாரை இறக்கினாள்.

சாப்பாட்டு நேரம். அந்த அம்மாவே கூப்பிட்டார். அங்கே இன்னும் விடியவில்லை. குரல் கரகரப்பு. நான் ஏதோ உளறினேன். செல்வி போனை வாங்கி, "வணக்கம்மா. வெயிட். ஒன் மினிட்," என்றாள்.

சைரன். போனைத் தரையில் மொசைக் மேல் வைத்தேன். செல்வியின் கை அலமாரிக்குப் போனது. பாதியில் திரும்பி வந்தது.

"டம்ளர் ஆடட்டும்ங்க. அவங்களுக்கு அதுவும் கேக்கட்டும்."

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். போனிலிருந்து மூச்சுச் சத்தம் வருகிறது. இன்னும் வெடிக்கவில்லை