பெட்டியின் இடது மூலை

அன்புள்ள பொடிசுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, அம்மாவின் இருமல், என் முழங்கால் எல்லாரும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உள்ளே உருண்டுகொண்டிருக்கும் சின்னப் பொடிசும் சௌக்கியம் என்று நேற்றுப் போனிலேயே தெரிந்துகொண்டேன், ஆனாலும் கடிதம் என்றால் கேட்டுத்தானே ஆக வேண்டும், சௌக்கியமா? கால் வீக்கம் வடிந்ததா? இதையெல்லாம் போனிலேயே பேசலாமே என்று நீ நினைப்பாய். நம் வீட்டில் போனில் என் முறை எப்போது வருகிறது என்று உனக்குத் தெரியாதா? அம்மா ஐம்பது நிமிடம் பேசி முடித்துவிட்டு "இந்தாங்க, உங்க பொண்ணு" என்று கையில் திணிக்கும்போது உனக்கு வாய் ஓய்ந்திருக்கும், எனக்குச் சொல்ல வந்தது மறந்திருக்கும். ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில் லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து கடிதம் எழுதிப் பழகிய கை இது, எனக்குப் பேனா பிடித்தால்தான் பேச்சு வரும். அது மட்டுமல்ல, இதில் ஒரு சேதி இருக்கிறது. அதை நான்தான் எழுதுவேன், கடிதம் போய்ச் சேரும்வரை போனில் உளறக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அதைக் காப்பாற்ற அவள் படும் பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

முதலில் வீட்டு நிலவரம். அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஆறு வார விடுப்பு கிடைத்துவிட்டது. நூலகத்தை யாரிடம் ஒப்படைப்பது என்று தலைமை ஆசிரியை இழுத்தடித்தார், கடைசியில் ஓவிய டீச்சர் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அந்த டீச்சர் புத்தகங்களை எல்லாம் நிறம் பார்த்து அடுக்கிவிடுவாள் என்று அம்மா இப்போதே புலம்புகிறாள். பன்னிரண்டாம் தேதி விமானம், பதின்மூன்றாம் தேதி மதியம் அங்கே. போன மாதம் நீ என்னிடம் "நீங்களும் வாங்கப்பா" என்று கேட்டாய் அல்லவா, அப்போது நான் என்னென்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? இது பெண்கள் சமாச்சாரம் நான் எதற்கு, மாடிச் செடிகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது, உங்கள் வீட்டில் ஒரே படுக்கை அறை, என் முழங்கால் பதினாறு மணி நேரம் மடங்கி இருக்காது என்று வரிசையாக அடுக்கினேன். நீ "சரிப்பா" என்றாய். அந்தச் "சரிப்பா" கொஞ்சம் சின்னதாகக் கேட்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அம்மா மட்டும் கிளம்புவது என்று முடிவானதும் பெட்டி கட்டுவது யார் என்று சண்டை வந்தது. அவள் வாழ்நாளில் பெட்டி கட்டியது எட்டுத் தடவை இருக்கும், எட்டுத் தடவையும் மூடி மூடாமல் உன்னை மேலே உட்காரவைத்துத்தான் பூட்டினாள். நானோ பூட்டுக் கம்பெனிக்காக முப்பத்தொரு வருடம் பெட்டியும் கையுமாக அலைந்தவன், மாதத்தில் இருபத்திரண்டு நாள் வெளியூர். கடைக்காரர்களுக்குக் காட்ட வேண்டிய மாதிரிப் பூட்டுகளே பதினொரு கிலோ, மிச்சம் இருக்கும் இடத்தில்தான் என் உடுப்பு, சீப்பு, மானம், மரியாதை எல்லாம் அடங்க வேண்டும். எழுந்து ஏழே நிமிடத்தில் பெட்டியோடு வாசலில் நிற்பேன். இவ்வளவு தகுதியோடு உதவிக்குப் போனால், "உங்க வித்தையெல்லாம் நீங்களே வச்சுக்கங்க" என்றாள். இருபத்து மூன்று கிலோவுக்கு மேல் ஒரு கைக்குட்டைகூட ஏற்ற மாட்டார்கள் என்று சொன்னேன். கட்டில்மேல் தான் குவித்திருந்த மலையை ஒரு தடவை பார்த்தாள், "சரி, என்ன பண்ணணும், சொல்லித் தொலைங்க" என்று வழிக்கு வந்தாள்.

முதலில் எடை. குளியலறை எடை மெஷின்மேல் பெட்டியை வைத்தால் முள் இருக்கும் இடத்தைப் பெட்டியே மறைத்துவிடும், அதனால் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்றேன், பிறகு பெட்டி இல்லாமல் ஏறி நின்றேன், கழித்தால் பெட்டியின் எடை. அம்மா பெட்டியை விட்டுவிட்டு என் எடையைப் பிடித்துக்கொண்டாள், ஓய்வு பெற்றதிலிருந்து ஆறு கிலோ ஏறியிருக்கிறேனாம், அரைமணி நேரம் அதே பேச்சு. துணிகளை மடிக்காமல் சுருட்டச் சொன்னேன். ஒரு நாளைக்குத் தேவையான மேலுடுப்பு, உள்ளுடுப்பு, காலுறை எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டால் அது ஒரு நாள் உருண்டை, காலையில் எழுந்து ஒரு உருண்டையை எடுத்தால் போதும், பெட்டியைக் குடைய வேண்டாம். செருப்பின் அடிப்பக்கத்துக்குக் குளிக்கும்போது தலையில் போடும் பிளாஸ்டிக் தொப்பியை மாட்டினேன், அம்மா முகத்தைச் சுளித்தாள். ஷாம்பு பாட்டிலின் மூடியைத் திருகி எடுத்து, வாயில் ஒரு துண்டு பாலித்தீன் வைத்து மறுபடி மூடினால் சொட்டு ஒழுகாது. ஒரு தடவை இதை மறந்து தலை எண்ணெய் ஒழுகி ஆர்டர் புத்தகம் முழுக்க ஊறிவிட்டது, இந்த மாத ஆர்டரை எழுதினீரா பொரித்தீரா என்று மானேஜர் கேட்டார். சார்ஜர் வயரெல்லாம் பழைய மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள். அழுக்குத் துணிக்கு ஒரு தலையணை உறை. துணி மாட்டும் கிளிப் நான்கு, அது எதற்கு என்று கேட்காதே, எதற்காவது கட்டாயம் ஆகும். அம்மாவின் மெல்லிய சங்கிலியை ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ராவுக்குள் விட்டுக் கொக்கியை மாட்டினேன், இனி ஆயுசுக்கும் முடிச்சு விழாது. அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இது பரவால்ல" என்றாள். அவள் வாயிலிருந்து இதற்குமேல் பாராட்டு வராது, அதனால் அதை வாங்கி வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மாலை பெட்டி தயார், இருபத்திரண்டரை கிலோ, மூடி வெண்ணெய் மாதிரி மூடியது, கைப்பிடியில் அம்மாவின் பள்ளி விளையாட்டு விழாவில் மிஞ்சிய சிவப்பு ரிப்பன். அடுத்த இரண்டு நாளும் நான் நடந்துகொண்டது அவ்வளவு பெருமையான விஷயம் இல்லை. என் மூக்குக் கண்ணாடியைக் காணோம், ஷேவிங் செட்டைக் காணோம். அவள்தான் வீட்டை ஒழுங்கு பண்ணுகிறேன் என்று எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டாள் என்று அம்மாவோடு ஒரே சண்டை. "உங்க சாமான உங்களுக்கே தெரியல, என்னை என்ன கேட்கறீங்க" என்று அவளும் விடவில்லை. இரண்டு நாள் தாடியோடு, பேப்பரைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை காலை அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நூலகத்தில் வருடா வருடம் புத்தக இருப்பைச் சரிபார்ப்பாளே, அதே மாதிரி பெட்டியைச் சரிபார்க்க வேண்டுமாம். நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக அறுபத்து நான்கு பொருள் எழுதி வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து டிக் போட்டாள், நான் மூலையில் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தேன். அறுபத்து நான்குக்கும் டிக் விழுந்துவிட்டது, ஆனால் பெட்டிக்குள் இன்னும் ஐந்து பொருள் இருந்தது. இத்தனை வருட வேலையில் புத்தகம் குறைந்ததுதான் உண்டு, கூடியதே கிடையாது என்று சொல்லிக்கொண்டே அடியில் கையை விட்டாள். இடது மூலையில், எல்லாவற்றுக்கும் அடியில், என் ஷேவிங் செட். பிளேடு கையில் வெட்டாமல் இருக்க நான் மாட்டிவைக்கும் கறுப்புக் கிளிப்கூட அப்படியே இருந்தது, அவள் நூலகத்திலிருந்து கொண்டுவந்த கிளிப். அதை ஒட்டி என் மூக்குக் கண்ணாடி, என் முழங்கால் பட்டை, என் சட்டையும் பனியனும் சுருட்டிய ஒரு நாள் உருண்டை இரண்டு.

நம்பு கண்ணு, இதை நான் வேண்டுமென்று செய்யவில்லை. முப்பத்தொரு வருடமாகப் பெட்டியைத் திறந்ததும் முதலில் இடது மூலையில் ஷேவிங் செட், பிறகுதான் மற்றதெல்லாம். என்னைக் கேட்காமல் கை பாட்டுக்குச் செய்துவிட்டிருக்கிறது. அம்மா சிரித்த சிரிப்பில் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள், இருமல் வேறு சேர்ந்துகொண்டது, நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு அந்தக் கிளிப்பைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள். அப்புறம் "போகணும்னு இருக்கா?" என்று கேட்டாள். அதெல்லாம் ஒன்றும் இல்லை, பழக்க தோஷம் என்றேன். "வாய் சொல்றத நான் கேட்கல, கை என்ன பண்ணியிருக்குன்னு பாருங்க" என்றாள்.

உன்னைப் பொடிசு என்று ஏன் கூப்பிடுகிறேன் தெரியுமா? நீ பிறந்த தந்தி நான் தங்கியிருந்த லாட்ஜுக்கு வந்தபோது நான் அடுத்த ஊருக்குக் கிளம்பியிருந்தேன். அது என்னைத் துரத்திக்கொண்டு நான்கு ஊர் வந்தது, ஒவ்வொரு ஊரிலும் நான் சற்று முந்திக்கொண்டேன், கால் மணி நேரம் தாமதமாகப் பெட்டி கட்டியிருந்தால்கூட அது என்னைப் பிடித்திருக்கும். வந்து உன்னைத் தூக்கியபோது உனக்குப் பதினொரு நாள். "இவ்வளவு பொடிசா!" என்றேன். "பதினொரு நாளைக்கு முன்னாடி வந்திருந்தா இன்னும் பொடிசா பாத்திருக்கலாம்" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அதைச் சொல்லி அவள் என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. ஆனால் உன் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும், "அப்பாவுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கு" என்று கேக்கில் என் துண்டைத் தள்ளி வைப்பாளே, நீயும் கைதட்டிச் சிரிப்பாயே, நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேனே, அது ஒவ்வொரு வருடமும் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. முதல் தடவை இல்லாதவனுக்கு இரண்டாவது தடவை வந்து நிற்க என்ன உரிமை என்றுதான் செடி, முழங்கால், படுக்கை அறை என்று உனக்கு அடுக்கினேன். உண்மையைச் சொன்னால், நீ கேட்ட அன்றே வர ஆசை. அம்மாவிடம் இதை எல்லாம் அன்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னேன். கொஞ்சம் அழுதும்விட்டேன், அதை அவள் உன்னிடம் பெரிதாக்கிச் சொல்லுவாள், நம்பாதே.

அவள் சொன்னது ஒரே வரிதான். "முப்பது வருஷம் லேட்டானாலும் பரவால்ல, கெளம்புங்க" என்றாள். விசா இரண்டு பேருக்கும் முன்பே வாங்கியிருந்தோம், பயண ஏஜென்சி அம்மாளுக்குப் போன் போட்டாள், அதே விமானத்தில் இடம் இருந்தது, அம்மாவுக்கு நான்கு வரிசை பின்னால், காலை நீட்ட வசதியாக ஓர இருக்கை. செடிக்குத் தண்ணீர் ஊற்ற முடியுமா என்று மேல் வீட்டுப் பல் டாக்டரிடம் கேட்கப் போனேன், நான் வாயைத் திறப்பதற்குள் சரி என்றார், நான் ஒரு மாதமாகத் தூக்கிப் பிடித்த சாக்கு அரை நிமிடத்தில் விழுந்துவிட்டது. படுக்கை அறை பற்றிக் கவலைப்படாதே, பஸ் நிலைய பெஞ்சில் தூங்கி எழுந்து நேராகப் போய் நாற்பது டஜன் பூட்டு விற்றவன் நான், எனக்கு உங்கள் சோபா அரண்மனை. இப்போது எனக்கும் தனியாக இருபத்து மூன்று கிலோ உண்டு. ஆனாலும் அம்மா நோட்டில் அறுபத்தைந்து முதல் அறுபத்தொன்பது வரை பேனாவால் எழுதினாள், கண்ணாடியையும் முழங்கால் பட்டையையும் கிளம்பும்வரைக்கும் போட்டுக்கொள்ளச் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள், ஷேவிங் செட்டை மட்டும் அன்றன்று சவரம் முடிந்ததும் வாங்கித் தன் பெட்டியின் இடது மூலையிலேயே வைக்கிறாள். என் பெட்டியில் வைத்துக்கொள்கிறேனே என்றால், "அங்க வச்சா நீங்க பாட்டுக்கு எங்கயாவது கெளம்பிடுவீங்க" என்கிறாள்.

இனி உன் ஆஸ்பத்திரிப் பை. பெரியதாக ஒன்று வேண்டாம், உனக்கு ஒன்று குழந்தைக்கு ஒன்று, இரண்டும் வேறு நிறம். முதலில் தேவைப்படுவது மேலே, கடைசியில் தேவைப்படுவது அடியில். வீட்டுக்குத் திரும்பும்போது போடும் உடுப்பு அடியிலேயே கிடக்கட்டும். குழந்தையின் உடுப்பையும் ஒரு நாள் உருண்டையாகச் சுருட்டி வை, அதற்கு ரப்பர் பேண்டு வேண்டாம், மெல்லிய துணி நாடா போதும். நீளமான சார்ஜர் வயர், கழற்றி மாட்ட எளிதான செருப்பு, நான்கு துணிக் கிளிப். உன் தலையணைக்குப் பூப்போட்ட உறை போடு, வெள்ளை உறை என்றால் ஆஸ்பத்திரித் தலையணைகளோடு கலந்து சலவைக்குப் போய்விடும். மருந்துச் சீட்டின் நகல் ஒன்று பையில், ஒன்று மாப்பிள்ளையின் சட்டைப் பையில். அவருக்கு லிப்ட் மெக்கானிக் வேலை, நீ கூப்பிடும் நேரத்தில் அவர் எந்தக் கட்டடத்தின் பதினாலாவது மாடியில் நிற்பாரோ, அதனால் பக்கத்து வீட்டு நம்பரைக் கதவில் ஒட்டி வை. கனமானதைத் தூக்காதே. எங்களை அழைக்க விமான நிலையத்துக்கு நீ வரவே கூடாது, மாப்பிள்ளை வந்தால் போதும், சிவப்பு ரிப்பனைப் பார்க்கச் சொல்.

காலண்டரில் விரலை வைத்து எண்ணிப் பார்த்தேன். டாக்டர் உனக்குச் சொன்ன நாள் இருபத்து நான்கு, நான் வந்து இறங்குவது பதின்மூன்று. உள்ளே இருக்கும் ஆளிடம் தாத்தா சொன்னதாகச் சொல், எவ்வளவு அவசரம் இருந்தாலும் பதின்மூன்றாம் தேதி மதியம்வரை பொறுத்துக்கொள்ளட்டும். தாயும் பிள்ளையும் நல்லபடியாக இரு உயிராகி, நூறு வயது ஆரோக்கியமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே, போட்டேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லாதே.

இந்தத் தடவை பதினொரு நாள் முன்னதாகவே வந்துவிடும்,
உன் அப்பா