அப்பாவின் வலது கன்னம்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அம்மா ஆசையோடு எழுதிக்கொள்வது. இங்கே வெயிலைத் தவிர மற்ற எல்லோரும் அடக்க ஒடுக்கமாக, சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே நீயும் உரிந்துபோன உன் மூக்கும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆவல். மூக்கு விஷயம் அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று முழிக்காதே. உன் பிறந்தநாளன்று உன் அறைத்தோழி எனக்கு ஒரு படம் அனுப்பினாள். பாதி எழும்பிய கட்டடத்தின் மேல் தளத்தில் கையில் வரைபடச் சுருளோடு நீ நிற்கிறாய், மூக்கு மேலே தோல் வெங்காயச் சருகு மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறது. எங்களோடு பேசும்போது போனை உயரத் தூக்கிப் பிடித்து நெற்றியையும் கண்ணையும் மட்டும் காட்டியது இதற்காகத்தானா? கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊரார் மூக்கில் ஃபிரேமை மாட்டிக் கழற்றுகிறவளிடமே மூக்கை மறைக்கிறாய் பார், உனக்குத் துணிச்சல்தான்.

அதைப் பிறகு பேசிக்கொள்கிறேன். முதலில் உன் கேள்விக்குப் பதில். அப்பா குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து அன்றைக்கு என்னிடம் மெதுவாகக் கேட்டாயே, அப்பாவுக்கு என்மேல் இன்னும் கோபம் போகவில்லையா, நான் பேசும்போதெல்லாம் ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார் என்று. நான் அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று பூசி மெழுகினேன். உண்மையில் எனக்கும் அந்தச் சந்தேகம்தான். நீ இவ்வளவு தூரம் வேலைக்குப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை, வழியனுப்பவும் உம்மென்றுதான் வந்தார், அந்த உம் இன்னும் இறங்கவில்லை போல என்று நினைத்து மனசுக்குள் வைதுகொண்டிருந்தேன். இப்போது விஷயம் வெளியே வந்துவிட்டது. போனில் சொல்ல முடியாது, நம் வீட்டில் ஸ்பீக்கரில் போடாமல் யார் பேசியிருக்கிறோம், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அதனால்தான் இந்தப் பார்சலுக்குள் கடிதமாக வைக்கிறேன். பதறாமல் படி, எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகுதான் எழுதுகிறேன்.

பஸ் டிப்போவில் டிரைவர்கள் எல்லோருக்கும் புது அடையாள அட்டை கொடுக்கிறார்கள், அதற்குப் புதுப் படம் வேண்டும் என்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். படம் எடுக்கிறவர் விளக்கை இந்தப் பக்கம் நகர்த்துகிறார், அந்தப் பக்கம் நகர்த்துகிறார், குடையை விரிக்கிறார், மடக்குகிறார், வலது பக்கம் நிழல் விழுந்துகொண்டே இருக்கிறது என்று அலுத்துக்கொள்கிறார். கடைசியில் கிட்டே வந்து பார்த்துவிட்டுத்தான் அது நிழல் இல்லை, மனுஷனின் முகமே அப்படித்தான் என்று புரிந்தது. இத்தனை வருஷமாக ஜன்னலோரம் உட்கார்ந்து பஸ் ஓட்டியதில் வலது கன்னம் ஒரு நிறம், இடது கன்னம் ஒரு நிறம். சுருக்கமும் அப்படித்தான், ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் தம்பி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் மட்டும் சிரிக்கவில்லை, கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டார். அந்தக் கை எனக்குச் சரியாகப் படவில்லை.

நம் மாடியில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாளே, அவளிடம் கூட்டிப்போய் முகத்தை ஒரே நிறமாக்கித் தரச் சொல்லலாம் என்று இழுத்துக்கொண்டு போனேன். பெண்கள் வருகிற இடத்துக்கு நான் எதற்கு என்று வாசல்வரை முரண்டு பிடித்தார். அவள் நாற்காலியைச் சாய்த்து விளக்கைப் போட்டுப் பார்த்தாள். வலது கன்னத்தில், கிருதாவை ஒட்டி ஒரு சொரசொரப்பான திட்டு, பொருக்குத் தட்டி, ஓரத்தில் லேசாகச் சிவந்து. எனக்கு அது தெரியாதது இல்லை. கேட்டபோதெல்லாம் ஷேவிங்கில் கீறிவிட்டது என்பார், நானும் எத்தனை தடவைதான் கேட்பது என்று விட்டுவிட்டேன். அவள் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, நான் இதில் கைவைக்க மாட்டேன் அக்கா, நாளைக்கே தோல் டாக்டரிடம் காட்டுங்கள் என்றாள். மறுநாளே கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா நல்ல மாதிரி, உன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டே, வெயிலுக்கு ஏதாவது தடவுகிறீர்களா என்று கேட்டாள். ஓ, என் மகள் அனுப்பிய கிரீம் இருக்கிறதே என்று அப்பா பெருமையாகச் சொன்னார். எப்படித் தடவுகிறார் தெரியுமா? வெயில் படுகிற வலது பக்கம் மட்டும். மகள் காசு போட்டு வாங்கியது, நிழலில் இருக்கிற கன்னத்துக்கு எதற்கு வீணாக்க வேண்டும் என்று கணக்கு. அதிலும் அந்தத் திட்டின்மேல் பட்டால் எரிகிறது என்று அதை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் அழகாகத் தடவியிருக்கிறார். எங்கே வேண்டுமோ அங்கே இல்லை! டாக்டரம்மா சிரித்துவிட்டாள், பிறகு எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டாள். மகள் ஊருக்குப் போன புதிதில் வந்தது என்றார். இவ்வளவு நாள் வீட்டில் யாருமே கேட்கவில்லையா என்றாள் அவள். அப்போது உன் அப்பா சொன்னதை அவர் வாயால் சொன்னபடியே எழுதுகிறேன். "வீட்ல இருக்கறவகிட்ட ஷேவிங்ல கீறிடுச்சுன்னு சொல்லிட்டேன். பொண்ணுகிட்ட இந்தப் பக்கத்தையே காட்டல. பார்த்தா வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவா, அவ ஆசைப்பட்டுப் போன வேலை."

குட்டிம்மா, எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது. கோபம் என்று நீயும் நானும் நினைத்த அத்தனை நாளும் மனுஷன் கன்னத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

கடுகளவு தோலை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருகிறவரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அவர் வழக்கம்போல வேலைக்குப் போனார், வந்தார், நான் கடையில் ஒருவருடைய கண்ணாடியை இன்னொருவருக்குக் கொடுத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். உன்னிடம் சொல்லிவிடலாமா என்று போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன், முடிவு தெரியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன், அதற்கு நீ திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். நல்ல வேளை, கெட்டது ஒன்றும் இல்லை. வெயில் பட்டுப் பட்டு வருகிற திட்டாம், அப்படியே விட்டிருந்தால் பின்னால் புற்றாக மாறினாலும் மாறலாம், நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றாள் டாக்டரம்மா. தோலை உறைய வைக்கிற குளிர் வாயுவைப் பீய்ச்சி அதைக் கருக்கிவிட்டாள். பொருக்கு விழுந்து இப்போது இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வந்திருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை காட்டச் சொல்லியிருக்கிறாள், பஸ் ஓட்டத் தடையில்லை.

இப்போது உன் மூக்குக்கு வருகிறேன். அப்பாவுக்குக் கிரீம் வாங்கி அனுப்பத் தெரிந்த உனக்கு, நீ தடவிக்கொள்ளத் தெரியாதா? பார்சலில் டாக்டரம்மா எழுதிக்கொடுத்த கிரீம் இருக்கிறது. கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே தடவு, படியிறங்கும்போது இல்லை. பொட்டு வைப்பது போல அங்கொன்றும் இங்கொன்றும் வேண்டாம், இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம் முழுக்க, காது, கழுத்து, பின்கழுத்து எல்லாம் தடவு. வேர்த்து வழிந்த பிறகு அது முகத்தில் எங்கே இருக்கும், அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் மறுபடியும். மேகம் போட்டிருக்கிறது, வண்டிக்குள்தான் இருக்கிறேன் என்று சாக்குச் சொல்லாதே, பக்கத்துக் கண்ணாடி வழியாகவும் வெயில் வேலையைக் காட்டும் என்பதற்கு நம் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் சாதாரணத் தண்ணீரில் மென்மையான சோப்பு போட்டு முகம் கழுவு, கரகரவென்று தேய்க்காதே, உரிகிற தோலைப் பிய்க்காதே, அது தானாக விழட்டும். பார்ப்பவர்கள் சொன்னார்கள் என்று எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து முகத்தில் தேய்க்காதே, அந்த முகத்தோடு வெயிலில் போனால் வெந்துவிடும் என்று மாடிப் பார்லர்காரியே சொல்கிறாள். உதட்டுக்கும் ஒரு டப்பி வைத்திருக்கிறேன். ஹெல்மெட்டுக்கு அடியில் போட, பின்கழுத்தை மறைக்கிற பருத்தித் தொப்பி ஒன்றும் இருக்கிறது, பார்க்க அசடு மாதிரி இருக்கும், பரவாயில்லை. கறுப்புக் கண்ணாடி என் கடையில் நானே தேர்ந்தெடுத்தது. உன் மூக்குக்கும் காதுக்கும் ஏற்றபடி நானே வளைத்துச் சரி பண்ணியிருக்கிறேன், அளவு எடுக்க நீ பக்கத்தில் இல்லை, என் விரலுக்கு உன் முகம் மனப்பாடம். மூக்கு ஆறிய பிறகு போடு, இல்லாவிட்டால் புண்ணில் அழுத்தும்.

அப்பா இப்போது ரொம்ப மாறிவிட்டார். டிப்போவில் மற்ற டிரைவர்களைக் கூப்பிட்டு வைத்து இரண்டு கன்னத்துக்கும் தடவ வேண்டும், காதை விடக்கூடாது என்று வகுப்பு எடுக்கிறாராம், அவரைக் கண்டாலே ஓடுகிறார்கள். நேற்றுச் சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், அவர் பாட்டுக்கு நாற்காலியைச் சுவரோரத்திலிருந்து இழுத்து ஜன்னலுக்கு நேரே போட்டார், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். போனை என் கையில் கொடுத்து எதிரே நிற்கச் சொன்னார். "இங்கேருந்து ரெண்டு கன்னமும் தெரியுதா பாரு" என்றார். தெரிகிறது என்றேன். நாற்காலி அங்கேயேதான் இருக்கிறது, பெருக்கும்போதுகூட நகர்த்த விடவில்லை.

உனக்கு எல்லா நலமும் வளமும் கூடி வரட்டும், ஏறி நிற்கிற உயரமெல்லாம் உனக்குப் பத்திரமாக இருக்கட்டும். மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அப்பாவிடம் எதுவும் தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளாதே, அவராகச் சொல்லட்டும். நீயும் போனை இறக்கிப் பிடி. உரிந்த மூக்கோடேதான் வா, அவர் உன் முகத்தை முழுசாகப் பார்த்தும் ரொம்ப நாளாகிறது.

இப்படிக்கு,
உன் மூக்கை மறக்காத
அம்மா