அடகுக்கடைக்காரன் வாங்காத பைகள்

அக்கா,

உன் சாமான் இருக்கிற பீரோவைத் திறந்தால் முதலில் பாச்சை உருண்டை வாசம்தான் மூக்கில் ஏறுகிறது. தோல் வாசம் அதற்குப் பின்னால் மெதுவாக வருகிறது. இன்று காலை உன் ஐந்து பைகளையும் எடுத்துக் கட்டிலில் வைத்தேன். ஒவ்வொன்றும் ஒரு தலையணை உறைக்குள், நீ போட்ட முடிச்சோடு அப்படியே இருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. செத்தும் என்னை வேலை வாங்குகிறாயே, மகராசி, என்று வாய்விட்டே திட்டினேன். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

உனக்குத் தலைத்திவசம் போன வாரம் முடிந்தது. வருஷம் திரும்பும்வரை உன் சாமானை யாரும் தொடக் கூடாது என்று நான்தான் எல்லோரையும் தடுத்து வைத்திருந்தேன். இனிமேல் சொல்ல ஒரு சாக்கும் இல்லை. உன் மகள் திவ்யா திருச்சி ஹாஸ்டலிலிருந்து நேற்று வந்தாள். சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"சித்தி, அம்மாவோட பையெல்லாம் வித்துருவோமா? என்ன வெலைக்குப் போனாலும் சரி."

"ஏன்டி, ஒண்ணக்கூடவா ஒனக்கு வச்சுக்க மாட்ட?"

"எனக்கு வேணாம். அது இந்த வீட்லயே இருக்க வேணாம்."

அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. உன் முகம்தானே அவளுக்கு. நீ ஒருநாளும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

துபாயில் நீ வேலை பார்த்தது பெரிய மாலில், பணக்காரப் பெண்கள் கைப்பை வாங்குகிற கடையில். கடைக்குள் நின்று விற்கிற வேலைகூட இல்லை. பின்பக்கக் கிடங்கில் பெட்டி பிரித்து அடுக்குகிற வேலை. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு பையை விலை குறைத்துக் கொடுப்பார்கள் என்றாய். குறைத்த விலையே உன் பல மாதச் சம்பளம். முதல் பையோடு நீ லீவில் வந்த அன்று, கதவைத் தாழ் போட்டுவிட்டு அதை என் மடியில் வைத்தாய்.

"தொட்டுப் பாருடி. கன்னுக்குட்டித் தோலு."

"இதுக்கா இம்புட்டு ரூவா? ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுல இதே மாதிரி தொங்குதே!"

நீ சிரித்தாய். கோபமே வரவில்லை உனக்கு. பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து கணக்கைச் சொன்னாய்.

அத்தான் கெட்ட மனுஷன் இல்லை. அதை நான் எங்கேயும் சொல்வேன். குடி கிடையாது, சீட்டு கிடையாது. கட்டுமாவடியில் மீன் ஏலம் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிற வியாபாரம். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் மட்டும் அவர் கை வறண்டுவிடும். "அடுத்த சீசன்ல திருப்பிரலாம் புள்ள" என்று உன் கழுத்தைப் பார்ப்பார். நீயும் கழற்றிக் கொடுப்பாய். முதலில் வளையல் போனது, பிறகு ஆரம் போனது. திவ்யாவுக்கென்று பார்த்துப் பார்த்து வாங்கி வந்த செயினும் அடகில் மூழ்கிப் போனது. நீ துபாய்க்குப் போய்ச் சேர்த்த நகையெல்லாம் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான்.

"தங்கமா வாங்கினா அடகுக்கடைக்குப் போகுது. ரூவாயா அனுப்பினா மீனுக்குப் போகுது. இதை எவன்டி அடகு பிடிப்பான்? அடகுக்கடைக்காரன் இத வாங்க மாட்டான். அதான் இதுல லாபம்" என்றாய். "வெலை ஏறுமே தவிர எறங்காதாம். எங்க மேனேஜரே சொன்னாரு. திவ்யா கல்யாணத்துக்கு இத வித்துத்தான் நகை போடப் போறேன். அவகிட்ட மட்டும் மூச்சு விட்டுராத. அப்பன் செல்லம் அவ, ஒளறிருவா."

அடி கெட்டிக்காரி, என்று உன் கன்னத்தைக் கிள்ளினேன். அந்த அறிவு யாருக்கு வரும்! ஒருநாள் அத்தான் எதற்கோ உள்ளே வந்து பார்த்துவிட்டு, "என்ன, ரெக்சின் பையவெல்லாம் பீரோவுல வச்சுப் பூட்டுறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நாம் சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு வலி வந்துவிட்டது.

இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புகூடக் கசக்கிறது.

திவ்யா பெரியமனுஷியான வருஷம் உனக்கு நினைவிருக்கும். சடங்கு தேதியைச் சொல்லிவிட்டு நாங்கள் காத்திருந்தோம். டிக்கெட்டுக்கு வைத்திருந்த பணத்தில் அந்த வருஷத்துப் பையை வாங்கிவிட்டாய். லீவு கிடைக்கவில்லை என்று போனில் சொன்னாய். ஊருக்கு வந்த ஒரு பெண்ணிடம் பையைக் கொடுத்து அனுப்பினாய். அவள் சடங்குக்கு முதல்நாள் வந்து சேர்ந்தாள். திவ்யா வாசலுக்கு ஓடினாள். அம்மாதான் சொல்லாமல் வந்துவிட்டாள் என்று நினைத்திருக்கிறாள். திரும்பி வந்து என்னிடம், "பைதான் சித்தி வந்திருக்கு" என்றாள். அன்றிலிருந்து அந்தப் பீரோ இருக்கிற அறையில் அவள் படுத்ததில்லை.

அதனால் நேற்று, நீ சொல்லக் கூடாது என்றதை அவளிடம் சொல்லிவிட்டேன். இனி மறைத்து யாருக்கு என்ன? அத்தனையும் உனக்காகத்தான்டி வாங்கினா, உன் கழுத்து மூளியா இருக்கக் கூடாதுன்னு வாங்கினா, என்று விடாமல் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அதுக்கு ஒரு பைய வாங்காம ஒரு தடவ வந்துட்டுப் போயிருக்கலாம்ல சித்தி."

நீ இருந்திருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்?

சென்னையில் பழைய வெளிநாட்டுப் பைகளை வாங்கி விற்கிற கடை ஒன்றைத் திவ்யா கண்டுபிடித்திருந்தாள். இன்று காலை வீடியோ காலில் ஒரு பெண் வந்தாள். நல்ல குணமான பிள்ளை, மேடம் மேடம் என்று பேசினாள். பில் இருக்கா என்றாள், இருந்தது. ஒருநாளும் வெளியே எடுத்துப் போகவில்லையா என்றாள், இல்லை என்றேன். உற்சாகமாகத்தான் இருந்தாள். மூடியைத் திறந்து உள்பக்கம் காட்டச் சொன்னபோதுதான் அவள் குரல் இறங்கியது.

"மேடம், உள்ள ஏதோ கறை தெரியுதே. மஞ்சளா, நடுவுல செவப்பா."

"அது கறை இல்லம்மா. சந்தனம், குங்குமம்."

மிக்ஸி வாங்கினாலும் வண்டி வாங்கினாலும் சாமி முன்னால் வைத்துப் பொட்டு வைக்காமல் நாம் எதைத் தொட்டிருக்கிறோம்? ஒவ்வொரு லீவிலும் நீ அந்த வருஷத்துப் பைக்கும் அதைத்தான் செய்திருக்கிறாய். வெளியே வைத்தால் அத்தான் கண்ணில் படும் என்று மூடிக்கு உள்பக்கமாக வைத்திருக்கிறாய். ஆள் கையில் கொடுத்தனுப்பிய பைக்கும் அடுத்த லீவில் வந்து வைத்திருக்கிறாய். ஐந்து பையிலும் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு அதை எப்படி விளக்குவது?

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். கறை ஒன்று, பாச்சை உருண்டை வாசம் ஒன்று. தோலில் ஏறிய வாசம் லேசில் போகாதாம். நீ கொடுத்த விலையில் பாதிகூட வராது. "வச்சிருந்தா இன்னும் கொறையும் மேடம். யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். நகையைப் பாதுகாக்கிற மாதிரியே பாதுகாத்தாய் அக்கா. அதுதான் அவற்றைக் கெடுத்துவிட்டது.

மத்தியானம்வரை நான் சோறு வடிக்கவில்லை. விற்காமல் வைத்திருந்தால் நீ போட்ட கணக்கு தப்பாகாது. பீரோவுக்குள் இருக்கிறவரை அது லாபம்தான், லாபம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. விற்ற நிமிஷம் நீ முட்டாள் ஆகிவிடுவாய். அத்தனை வருஷம் கிடங்கில் நின்று உன் கால் வீங்கியதற்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கடைசியாகக்கூட, "பையெல்லாம் பத்திரம்டி" என்றுதானே என் கையைப் பிடித்தாய். நான் எப்படி விற்பேன்?

திவ்யா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நஷ்டம்னு யோசிக்கிறியா சித்தி? அது அம்மா வாங்கின அன்னைக்கே ஆயிருச்சு" என்றாள். கோபமாகச் சொன்னால்கூட ஓர் அறை விட்டிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். உன் கணக்கைக் காப்பாற்றுவதா, உன் பிள்ளையைக் காப்பாற்றுவதா என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பைகள் இங்கே இருக்கிறவரை அவள் இந்த வீட்டுக்கு விருந்தாளி மாதிரிதான் வருவாள். போனை எடுத்து, விற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பணம் திவ்யா பெயரில் பேங்கில் கிடக்கட்டும். அத்தானிடம் சொல்லப் போவதில்லை. உன் பேச்சில் அந்த ஒன்றையாவது காப்பாற்றுகிறேன்.

அனுப்புவதற்கு முன்னால் துடைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தாள் அந்தப் பெண். சாயங்காலம் பஞ்சை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சந்தனம் அசையவில்லை, தோலோடு தோலாக ஊறிப் போயிருந்தது. குங்குமம் மட்டும் வந்தது. பஞ்சைத் தாண்டி என் மோதிர விரலிலும் சிவப்பாக ஒட்டிக்கொண்டது. திவ்யா எதிரே உட்கார்ந்து அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. உன் கையால் இவள் ஒரு நல்ல நாளில் பொட்டு வைத்துக்கொண்டதை நான் பார்த்ததே இல்லையே என்று நினைத்தேன். என்னை அறியாமல் அந்த விரலை அவள் நெற்றிக்குக் கொண்டுபோனேன்.

அவள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். என் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே வைத்தாள்.

"வேணாம் சித்தி. அது பைக்கு வச்சது."

சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை எடுத்து டேப் ஒட்டத் தொடங்கிவிட்டாள். பெட்டிகள் இப்போது வாசலில் இருக்கின்றன, காலையில் கூரியர்காரர் எடுத்துப் போய்விடுவார். அவள் சொன்ன சொல் எங்கேயும் போகாது, அக்கா. உன் காதில் விழ வேண்டியது என் காதில் விழுந்திருக்கிறது. நான் சாகிறவரை அதை உனக்காக வைத்துக்கொண்டிருப்பேன்.